இலைக்குள் ஒரு சமையல்காரன்

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மாமாவின் முழங்கால் மட்டும் அவரைவிடப் பத்து வயது மூத்ததுபோல நடந்துகொள்கிறது. உன் வயிறு எப்படி இருக்கிறது? இன்னும் ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று சாப்பாட்டை ஆறவிட்டுத்தான் தின்கிறாயா? உன் வீட்டுக்காரி நலமா?

போனில் பேசினால் 'அப்புறம் கூப்பிடறேன்க்கா' என்று பாதியில் ஓடிவிடுகிறாய். கடிதத்திலிருந்து ஓட முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்ற எழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொண்டு படி.

நீ அனுப்பின உர மூட்டைகள் வந்து சேர்ந்தன. லாரிக்காரர் இறக்கிப் போட்டுவிட்டு, இவ்வளவு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் உங்களுக்கு யார் என்று கேட்டார். என் தம்பிதான், சின்ன வயதில் மூக்கைச் சிந்தத் தெரியாமல் என் தோளில் துடைத்தவன் என்றேன். உன் மானத்தை முடிந்தவரை காப்பாற்றினேன்.

எல்லா மூட்டையின் வாயிலும் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. உன் ஆராய்ச்சியில் இருக்கிற மற்ற வயல்காரர்களுக்குப் பச்சை, நீலம், மஞ்சள் என்று போயிருக்கிறதாம். எல்லாம் ஒரே உரம்தான், அடையாளத்துக்குத்தான் நூல் என்று நீ சொன்னாய். ஆனால் மாமா சொல்கிறார், சிவப்புதான் உசத்தி, அக்காவுக்கென்று தம்பி தனியாகக் கட்டியிருப்பான் என்று. இருக்காது என்று வாயால் சொன்னேன். மனசு கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இது விளையாட்டு இல்லை. நிலத்துக்காரர் வந்திருந்தார். போன தடவை மக்காச்சோளம் சுமாராகத்தான் வந்தது. இந்தத் தடவை கதிரைப் பார்த்துவிட்டுத்தான் குத்தகையை எனக்கே விடுவதா, வேறு கைக்கு மாற்றுவதா என்று முடிவு செய்வாராம். எங்களுக்கு இந்த ஒரு வயலை விட்டால் வேறு இல்லை என்று உனக்குத் தெரியும். என் தம்பி உரம் அனுப்பியிருக்கிறான், கதிரைத் தூக்கவே நீங்கள் ஆள் பிடிக்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் அளந்து விட்டிருக்கிறேன். என் வாயைக் காப்பாற்றுவது உன் பொறுப்பு.

மறக்காமல் சாப்பிடு.

உன் அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவின் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேய்க்கச் சொல். என் வயிறு பரவாயில்லை.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். பயிர் முளைத்து மேலே வந்ததும், நன்றாக விரிந்த இளம் இலைகளாகப் பறித்து ஈரத்துணியில் சுற்றி வை. இங்கிருந்து ஒருவர் ஐஸ் பெட்டியோடு வருவார். அவரிடம் கொடுத்துவிடு.

எதற்கு இலை என்று கேட்டிருந்தாய் போனில். உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உரத்திலிருந்து வேர் உறிஞ்சி அனுப்பும் தழைச்சத்தைப் பயிர் அப்படியே தின்ன முடியாது. அதைச் சமைத்துக் கொடுக்க இலைக்குள் நொதி என்று ஒன்று இருக்கிறது. சமையல்காரன் என்று வைத்துக்கொள். சாமான் வந்தால்தான் அவன் அடுப்பு மூட்டுவான். வராவிட்டால் படுத்துவிடுவான். இலையை அரைத்து, அவன் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறான் என்று அளந்தால், கதிர் வருவதற்கு வெகுநாள் முன்பே அந்த வயல் எப்படி விளையும் என்று சொல்லிவிடலாம். என் ஆராய்ச்சியே அதுதான்.

முக்கியமானது: அந்த மூட்டையில் இருப்பதைத் தவிர வேறு உரம், எரு, சாம்பல் எதுவும் வயலில் விழக்கூடாது. உனக்கு இதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

நிலத்துக்காரரைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே சுகம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். களிம்பு நல்ல வேலை செய்கிறது. மாமா இப்போது நொண்டுவதில்லை, ஆனால் பக்கத்தில் உட்கார முடியவில்லை, அப்படி ஒரு வாடை.

உன் சமையல்காரன் கதையை மாமாவிடம் சொன்னேன். "இலைக்குள்ளயே ஒருத்தன் சமைக்கிறானாம், இங்க ஒருத்தி வெளியில இருந்தும் எனக்கு டீ ஆறித்தான் வருது" என்கிறார். களிம்பை நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன்.

முதல் தடவை இலை பறித்துக் கொடுத்தாயிற்று. கீரை பறிக்கிற பழக்கத்தில் இருட்டு விலகுவதற்குள் பறித்துவிட்டேன், ஒன்றுகூட வாடவில்லை. ஐஸ் பெட்டியோடு வந்தவர் நல்ல மனுஷன். பெயர் கேட்டேன், காதில் விழவில்லை. மறுபடி கேட்க வெட்கமாக இருந்ததால் 'ஐஸ்பெட்டி' என்றே வைத்துவிட்டேன். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

வயலில் பறவைகளை விரட்டப் பொம்மை நட்டிருக்கிறேன். நீ விட்டுப்போன கட்டம் போட்ட சட்டையை அதற்கு மாட்டினேன். அசல் நீயேதான். எத்தனை பேசினாலும் பதில் வருவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 5

அக்கா,

என்ன காரியம் செய்துவிட்டாய். வெயில் ஏறினால்தான் அந்த நொதி வேலையை ஆரம்பிக்கும். இருட்டில் பறித்தால் எந்த வயலாக இருந்தாலும் தூங்குகிற சமையல்காரன்தான் கிடைப்பான். நீ அனுப்பியது எதற்கும் உதவாது. ஐஸ் பெட்டிக்காரரை உடனே திரும்ப அனுப்புகிறேன். காலை வெயில் நன்றாக ஏறி, உன் நிழல் குட்டையான பிறகு பறி. தயவுசெய்து சொன்னதைச் சொன்னபடி செய்.

தம்பி


ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம் கேட்கக்கூட மறந்து எழுதியிருந்தாய், அத்தனை கோபம். பரவாயில்லை, நான் கேட்கிறேன்: நலமா? இங்கே நலம். மூன்றே நாளில் உன்னிடமிருந்து கடிதம் வரும் என்றால் மாதம் ஒரு தப்பு செய்யலாம் போலிருக்கிறது.

நீ சொன்ன மாதிரியே வெயில் ஏறினபிறகு பறித்து, ஐஸ்பெட்டியிடம் கொடுத்துவிட்டேன். என் நிழல் குட்டையாகிவிட்டதா என்று அவரிடமே கேட்டேன். "நீங்களே குட்டைதானேக்கா, எப்படிச் சொல்றது?" என்கிறார்.

இப்போது விஷயம். பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டது. நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கிறது, நம்முடையது நோயில் கிடந்து எழுந்த பிள்ளை மாதிரி வெளிறி இருக்கிறது. பக்கத்து வயல்காரரை உனக்கு நினைவிருக்கும், வானொலி என்று நாம் பட்டம் வைத்தவர், வாயை மூடவே மாட்டார். அவர் உன் ஆராய்ச்சியில் இல்லை, தன் மாட்டு எருவைத்தான் போடுகிறார். வரப்பில் நின்று பார்த்தவர், ஒரு வண்டி எரு சும்மா கிடக்கிறது, கொட்டிவிட்டுப் போகவா என்று கேட்டார்.

கூடாது, தம்பி சொல்லியிருக்கிறான் என்றேன்.

"உன் தம்பி இங்க வந்து பயிரைப் பாத்தானா?"

"அவன் எதுக்கு வரணும்? இலையை அரைச்சே எல்லாத்தையும் பாத்துடுவான்."

வானொலி வாயடைத்து நின்றதை முதல் தடவையாகப் பார்த்தேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

இலையை அரைத்திருப்பாயே, சமையல்காரன் என்ன சொல்கிறான்? குறை ஏதும் இருந்தால் ஒரு வரி எழுது. இப்போது மேலுரம் போட்டாலும் பயிர் எழுந்துகொள்ளும். உச்சியில் பூ வந்துவிட்டால் பிறகு எதைக் கொட்டியும் பலன் இல்லை. நல்லது என்றாலும் அதையும் எழுது, நிம்மதியாகத் தூங்குவேன்.

அக்கா


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? உன் கடிதம் வழியில் எங்காவது தொலைந்திருக்கும் என்று நினைத்து மறுபடி எழுதுகிறேன்.

அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகின்றன. நடு நரம்பு வழியாக மஞ்சள் உள்ளே இறங்குகிறது, வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற மாதிரி. நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, வானொலியின் வயலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஐஸ்பெட்டி வந்து வயலைப் படம் எடுத்தார். பொம்மையை நகர்த்தவா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார். பொம்மையோடு சேர்ந்து நீயும் படத்தில் இருக்கிறாய்.

பூ வர இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. மாமா, தம்பியிடமே கேட்டுவிட்டுச் செய் என்கிறார். போன் போட்டேன், உன் வீட்டுக்காரி எடுத்து, நீ கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னாள். கூட்டம் முடிந்ததும் ஒரு வரி போடு. 'போடு' என்றோ 'போடாதே' என்றோ ஒரு வார்த்தை எழுதினால்கூடப் போதும்.

வயிற்றைக் காயப்போடாதே.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டும். வேலை கழுத்தை நெரித்தது, அதனால் தாமதம். என் வீட்டுக்காரிக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. மாமாவுக்கு இன்னொரு களிம்பு அனுப்புகிறேன்.

இலை மஞ்சளாவதற்குப் பல காரணங்கள் உண்டு. மழை, மண்ணின் ஈரம், எவ்வளவோ. ஆய்வுக்கூடத்தில் வேலை நடந்துகொண்டிருக்கிறது, எல்லாம் முடிந்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும். பொறுமையாக இரு. யார் பேச்சையும் கேட்டு எதையும் போட்டுவிடாதே.

இங்கே எனக்குத் துறைத் தலைவர் பதவி பற்றிப் பேச்சு நடக்கிறது. வேண்டிக்கொள்.

தம்பி


செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். துறைத் தலைவருக்கு அக்காவின் வணக்கம், இப்போதே சொல்லி வைக்கிறேன். பிறகு உன்னைப் பார்க்க வாசலில் சீட்டு எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

உன் கடிதம் வந்தபோது உச்சியில் பூ வந்து உதிர்ந்துகொண்டிருந்தது. நீ சொன்னபடி எதையும் போடவில்லை.

அறுவடை முடிந்தது. கதிரைத் தூக்க ஆள் வேண்டியிருக்கும் என்றேனே, மாமாவே ஒற்றை ஆளாகத் தூக்கிவிட்டார். நிலத்துக்காரர் ஒரு கதிரை உரித்துப் பார்த்தார். மணி பாதிதான் பிடித்திருந்தது, பல் கொட்டிப்போன வாய் மாதிரி. அதை என் கையிலேயே கொடுத்துவிட்டு, வரப்பு தாண்டிப் போய் வானொலியிடம் பேசினார். வயல் இனி வானொலிக்கு. பாவம் அவர், எனக்கு முன்னால் வரவே கூசுகிறார். ஒரு வாரமாக அவர் சத்தமே கேட்கவில்லை, வானொலி பழுதாகிவிட்டது என்று மாமா சொல்கிறார்.

நீ இதை மனசில் போட்டுக்கொள்ளாதே. உன் உரம் தோற்றுவிட்டதே என்று உடைந்துபோய்விடாதே. எங்கள் மண்ணில்தான் ஏதோ கோளாறு. மற்ற வயல்களில் நன்றாக வந்திருக்கும். பெரியவர்கள் கேட்டால், 'அது என் அக்கா சரியாகப் பார்த்துக்கொள்ளாத வயல்' என்று சொல்லிவிடு. எனக்கு அங்கே என்ன மரியாதை கெடப்போகிறது?

வயல்காரர்களை எல்லாம் அங்கே கூப்பிட்டு ஒரு கூட்டம் வைக்கிறீர்களாம், வண்டியில் இடம் இருக்கிறது, வாருங்கள் என்று ஐஸ்பெட்டி சொன்னார். உன்னைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. வரட்டுமா?

அக்கா


செப்டம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இப்போது வராதே. தூரப் பயணம், உன் உடம்புக்கு ஆகாது. கூட்டத்தில் எல்லாம் எண்களும் கோடுகளும்தான், உனக்குச் சலிப்பாக இருக்கும். விடுமுறையில் நானே வருகிறேன். வயலைப் பற்றிப் பிறகு விவரமாக எழுதுகிறேன்.

தம்பி


அக்டோபர் 12

தம்பிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். ஆமாம், வந்திருந்தேன். வராதே என்று நாலே நாளில் எழுதினாய் பார், அதில்தான் எனக்கு உறைத்தது. நீ உடனே எழுதினது இரண்டே தடவை. உன் இலை கெட்டபோது ஒன்று, இது ஒன்று.

பெரிய கூடம். நாற்காலியெல்லாம் மெத்தென்று இருந்தது. சுவரில் வயல்களின் படங்களைப் பெரிதாக மாட்டியிருந்தீர்கள். பச்சை நூல் வயல், நீல நூல் வயல், மஞ்சள் நூல் வயல், ஒவ்வொன்றும் காடு மாதிரி. கடைசிப் படத்தில் மஞ்சள் பிடித்த பயிர், நடுவில் கட்டம் போட்ட சட்டை. என் பொம்மை. பழகின முகம் ஒன்று கிடைத்ததே என்று சந்தோஷமாகக் கிட்டப் போனேன்.

கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். உரமிடாத வயல். தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி கூட்டினேன். அப்படியேதான் வந்தது.

பிறகு நீ மேடையில் பேசினாய். நல்ல சட்டை. குரலும் கணீரென்று இருந்தது. பயிர் முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே இந்த வயலின் நொதி படுத்துவிட்டதை அளந்துவிட்டோம், விளைச்சல் எவ்வளவு விழும் என்று அன்றைக்கே கணித்தோம், அது அப்படியே பலித்தது என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சுற்றிலும் தட்டும்போது கை தானாகத் தட்டிவிடுகிறது. மற்றது எல்லாம் ஆறினாலும் நான் தட்டினது மட்டும் ஆறாது போலிருக்கிறது.

அப்போது நீ என்னைப் பார்த்தாய். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாய். பிறகு அடுத்த படத்துக்குப் போய்விட்டாய்.

ஐஸ்பெட்டி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நீ இறங்கி வருவாய் என்று வண்டி கிளம்பும்வரை நின்றிருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிவப்பு நூல் மூட்டையில் என்ன இருந்தது?

அக்கா


நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்தேன்.

மூட்டையில் இருந்தது களிமண் உருண்டை. உரம் மாதிரியே சாயம் ஏற்றியது. எந்த ஆராய்ச்சியிலும் ஒன்றும் போடாத வயல் ஒன்று வேண்டும், அக்கா. அது இல்லாவிட்டால் மற்றதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? வயல்காரருக்குத் தெரிந்தால் அவர் கை சும்மா இருக்காது. வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும், இலை வெளுத்த உடனே ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கூடை எருவாவது கொட்டியிருப்பார்கள். நீ ஒருத்திதான் நான் சொன்னால் சொன்னபடி இருப்பாய். சிவப்பை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டபோது, யோசிக்காமல் உன்னைச் சொன்னேன். இதை நீ பெருமையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலையில் எண்கள் கைக்கு வந்த அன்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நீ மேலுரம் போடுவாய், மூன்று வருட உழைப்பு போய்விடும். குத்தகை விஷயத்தில் நிலத்துக்காரர் சும்மா மிரட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். இந்த முடிவுகளால் எத்தனையோ பேர் பயிர் வாடுவதற்கு முன்பே சரிசெய்துகொள்ள முடியும். அதையும் நினைத்துப் பார்.

நல்ல உரம் சில மூட்டைகள் அனுப்பியிருக்கிறேன். எந்த நூலும் கட்டவில்லை. பதவி கிடைத்துவிட்டது. கோபத்தை மறந்து ஒரு வரி எழுது.

தம்பி


டிசம்பர் 15

தம்பிக்கு,

அக்கா எழுதுவது.

மூட்டைகள் வந்தன. அதே லாரிக்காரர்தான். எங்கே இறக்குவது என்று கேட்டார். உரம் இருக்கிறது, போட வயல் இல்லை. போன தடவை வயல் இருந்தது, உரம் இல்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் அனுப்ப உன் துறைத் தலைமையில் ஏதாவது வழி இருக்கிறதா பார்.

வானொலியின் வாசலில் இறக்கச் சொல்லிவிட்டேன். நான் இப்போது அவரிடம்தான் கூலிக்குப் போகிறேன். முதல் நாள் வரப்பில் இறங்கும்போது, "நீயா கூலிக்கு?" என்று கேட்டுவிட்டு அழுகிற மாதிரி நின்றார். ஒருவர் அழவும் ஒருவர் வேலை பார்க்கவும் வயலில் நேரம் ஏது என்று சொல்லி உள்ளே இறங்கிவிட்டேன். உன் உரத்தையும் நம் பழைய வயலில் நானேதான் தூவினேன். தூவும்போது கேட்கிறார், "இதுல நெசமாவே உரம் இருக்கா?" எனக்கும் தெரியாது, வேண்டுமானால் கொஞ்சம் தின்று பாருங்கள் என்றேன்.

உரம்தான். பயிர் முழங்கால் உயரத்தில் கரும்பச்சையாக நிற்கிறது. அதே மண்தான். மண்ணில் கோளாறு என்று நான் எழுதியிருந்தேனே, அந்த மண்.

மாமா உன் களிம்பு இரண்டையும் எடுத்து எங்களைப் பார்க்க வந்த ஐஸ்பெட்டியிடம் கொடுத்தனுப்பிவிட்டார். இப்போது மறுபடி நொண்டுகிறார். பொம்மைக்கு வானொலியின் பழைய சட்டை. உன் கட்டம் போட்ட சட்டையை நான் அடுப்படிக்கு எடுத்துக்கொண்டேன், பாத்திரம் இறக்க நன்றாக இருக்கிறது.

பெருமையாக எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தாய். எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். என்னை ஒரு முட்டாள் என்று நினைத்துக் கொடுத்திருந்தாய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், நீ சொல்வதற்கு முன்பே ஊரில் பாதிப் பேர் சொன்னதுதான். நீ என்னை நன்றாகத் தெரிந்து கொடுத்திருக்கிறாய். எங்கே கை வைத்தால் நான் அசையமாட்டேன் என்று இந்த உலகத்தில் உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும், அங்கேயே கை வைத்தாய்.

வானொலி எருவண்டியைத் திருப்பிக்கொண்டு போனது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மாடு திரும்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. அதற்குத் தெரிந்திருக்கிறது.

இதோடு ஒரு இலை வைத்திருக்கிறேன். உன் உரம் தின்ற இலை. வெயில் நன்றாக ஏறி, என் நிழல் குட்டையான பிறகுதான் பறித்தேன். வந்து சேருவதற்குள் காய்ந்து, உள்ளே இருக்கிறவன் செத்திருப்பான். எந்த எண்ணும் வராது. சும்மா பார்ப்பதற்கு.

இனிமேல் நீ சொல்வதைச் சொன்னபடி செய்கிறவள் உனக்கு இங்கே இல்லை. அடுத்த ஆராய்ச்சிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

முன்பெல்லாம் எழுதும்போது உன் வயிற்றைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்பேன். இதில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் போடாதது ஒன்று வேண்டும் என்றாயே. பழைய கடிதங்களை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்.

அக்கா